பூர்வகுடி நல்லிணக்கத்துக்கு ஆலோசகர் தேடும் கனடியத் தமிழ் நிறுவனங்களுக்கு: எந்த வழி எதற்கு உதவும்?

சென்ற வருடம் ஒரு வேலை ஒப்பந்தத்துக்காக நாங்கள் நிரப்பிய ஒரு கேள்விப்பத்திரத்தில் காப்புறுதி, பாதுகாப்புச் சான்றிதழ், பழைய வேலைகளின் விபரம் எல்லாம் கேட்டு முடிந்த பிறகு ஒரு பெட்டி இருந்தது. பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கத்துக்கு உங்கள் நிறுவனம் என்ன செய்துவருகிறது என்று விபரிக்கச் சொன்னார்கள். ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் கம்பனிக்கு நிலம் தோண்டுவதுதான் தொழில். வாகனத் தரிப்பிடம், நடைபாதை, கழிவுநீர்க் குழாய், சில நேரம் வீதியோர வேலை. 45 பேர், முக்கால்வாசிப்பேர் தமிழர். அந்தப் பெட்டியில் எழுத எங்களிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை. அலுவலகப் பொறுப்பு என்னுடையது என்பதால், "ஆரும் ஆலோசகரைப் பிடிச்சு இதை முடியுங்கோ" என்ற வேலையும் என் மேசைக்கு வந்தது.

அதன் பிறகு எட்டு மாதம் பலரோடு கதைத்தேன், விலை கேட்டேன், இரண்டு இடத்தில் பணம் கட்டினேன், ஓர் இடத்தில் பெரிய பிழை விட்டேன். இதே கேள்வி இப்போது தமிழர் நடத்தும் முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கும் கணக்காளர் அலுவலகங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. நான் கண்டதை ஒப்பிட்டு எழுதினால் யாருக்காவது அந்த எட்டு மாதம் மிச்சமாகும்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். இலங்கையில் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை அமைத்தார்கள். எங்கள் வேலையாட்களில் பலருக்கு நல்லிணக்கம் என்றவுடன் நினைவுக்கு வருவது அதுதான். அரசாங்கமே ஆணைக்குழுவை நியமித்தது, அரசாங்கமே அறிக்கையை வாங்கி அலுமாரியில் வைத்தது. 2017 மாசியில் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கொட்டில் போட்டு இருந்த தாய்மாரின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. உண்மையைச் சொல்லாமல் இணக்கம் கேட்டால் அது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் கனடாவில் நாங்கள் மேசையின் மற்றப் பக்கத்தில் இருக்கிறோம். வேறொருவரின் நிலத்தில் வந்து குடியிருந்து, அதைத் தோண்டிச் சம்பளம் எடுக்கிறோம். ஆகவே எனக்கு வந்த ஒவ்வொரு திட்டத்தையும் ஒரே கேள்வியோடு வாசித்தேன். நாங்கள் சொன்னதைச் செய்யாமல் விட்டால், "நீங்கள் செய்யவில்லை" என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும்? அது எங்களிடமே இருக்கும் என்றால், அந்தத் திட்டமும் அலுமாரிக்குத்தான் போகும்.

என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் விலை கேட்கப் போகாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். வதிவிடப் பள்ளிகள் என்ற பெயரில் ஏறக்குறைய 150,000 பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த வரலாற்றை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, 2015இல் 94 அழைப்புகளை முன்வைத்தது. அதன் தலைவர் மரே சின்க்ளேயர், அனிஷினாபே என்ற பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த நீதிபதி. 92ஆவது அழைப்பு வணிக நிறுவனங்களுக்கானது. பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐநா பிரகடனத்தை அடிப்படையாக வைத்து அது மூன்று காரியங்களைக் கேட்கிறது. நிலத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்குமுன் உண்மையாகக் கலந்தாலோசித்து, சுயாதீனமான, முன்கூட்டிய, விளக்கமறிந்த சம்மதத்தைப் பெறவேண்டும். வேலையும் பயிற்சியும் அவர்களுக்குச் சமமாகக் கிடைக்கவேண்டும், திட்டத்தின் பயன் அவர்களின் ஊருக்கு நீண்ட காலம் போய்ச்சேரவேண்டும். நிர்வாகிகளுக்கும் ஊழியர்களுக்கும் இந்த வரலாற்றைப் படிப்பிக்கவேண்டும்.

எனக்கு வந்த விலைப்பட்டியல்களில் பாதிக்கு மேல் அந்தக் கடைசிக் காரியத்துக்கு மட்டுமே இருந்தன. படிப்பிப்பது சுலபம், படம் எடுத்துப் போடலாம், ஒரு நாளில் முடியும். வேலை, பணம், நிலம் என்ற பக்கம் வரும்போது பேச்சு மெல்லிதாகிவிடுகிறது. எந்த ஆலோசகரின் கடிதத்தையும் இந்த மூன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரியும்.

இனி வழிகள். முதலாவது பயிற்சி.

இதற்குப் பணமே கட்டாமல் தொடங்கலாம். அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி ஆய்வுத்துறை ‘இண்டிஜினஸ் கனடா’ என்ற 12 பாடங்கள் கொண்ட இணையவழிக் கற்கையை 2017 முதல் நடத்துகிறது. கோர்செராவில் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். விலங்குத்தோல் வணிகத்தில் தொடங்கி உடன்படிக்கைகள், வதிவிடப் பள்ளிகள், நகரங்களில் வாழும் பூர்வகுடிகள் என்று போகிறது. ஒரு ஆலோசகரை அழைத்து இரண்டு மணி நேரம் கேட்பதைவிட இதில் விஷயம் கூட என்று நான் துணிந்து சொல்வேன். ஆனால் வேலை நேரத்தில், சம்பளத்தோடு பார்க்கவிடவேண்டும். வீட்டில் போய்ப் பாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

பணம் கட்டி நடத்துவதில் அதிகம் கேள்விப்படுவது கைரோஸ் அமைப்பு உருவாக்கிய போர்வைப் பயிற்சி. நாங்களும் ஒரு பயிற்றுநர் குழுவை வைத்து அதைச் செய்தோம். என் பெரிய பிழையும் அங்கேதான். தரை முழுக்கப் போர்வைகளை விரித்து விடுவார்கள். அதுதான் நிலம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு எல்லாரும் அதில் ஏறி நிற்கவேண்டும். ஒருவர் வரலாற்றை வாசிக்க வாசிக்க மற்றவர் போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு வருவார். நோயில் இறந்தவர்கள், பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று கையில் உள்ள அட்டைக்கு ஏற்ப ஆட்கள் இறங்கிப் போவார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்கள் கைக்குட்டை அளவுத் துண்டுகளில் நிற்பார்கள். எங்களோடு 15 வருடம் குழாய் பதிக்கும் ஒரு அண்ணை, அப்படி மடிந்த நீலப் போர்வை ஒன்றின் ஓரத்தில், இரண்டு பாதமும் வைக்க இடமில்லாமல் ஒற்றைக் காலில் நின்றார். காலுறையில் சிமெந்து காய்ந்திருந்தது. பிறகு மெல்ல இறங்கி வெளியே போய்விட்டார். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனத்தில் அவரும் ஒருவர். அவரைப்போல இன்னும் பலர் அந்த அறையில் நிற்கிறார்கள் என்று பயிற்றுநரிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அது தோன்றவேயில்லை. முன்பே தெரிந்திருந்தால் இன்னொரு மூதாளரையும் (பூர்வகுடிச் சமூகம் மதிக்கும் பெரியவர்) அழைத்து வந்திருப்போம், வட்டமாக இருந்து கதைக்கும் நேரத்தையும் கூட்டியிருப்போம் என்று அவர்கள் பிறகு சொன்னார்கள்.

அகதியாக வந்தவர்கள் வேலை செய்யும் எந்த இடமும் இதைக் கவனிக்கவேண்டும். அந்தப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த கிழமை மதிய உணவு நேரத்தில் எங்கள் ஆட்கள் கதைத்த கதையை எந்தக் காணொளியும் உண்டாக்கியிருக்காது.

பிராண்ட்ஃபோர்ட்டில் இருக்கும் பழைய மோஹாக் இன்ஸ்டிடியூட்டைப் போய்ப் பார்ப்பதையும் இதனோடு சேர்க்கலாம். 1970இல் மூடப்பட்ட அந்த வதிவிடப் பள்ளிக் கட்டடம் இப்போது வுட்லண்ட் கலாசார நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறது. நாளும் பொழுதும் கஞ்சி ஊற்றியதால் அங்கே இருந்த பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘மஷ் ஹோல்’, கஞ்சிக்குழி. மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடிக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவைப்படாது.

பயிற்சியின் குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. அது முடிந்த அடுத்த நாள் கம்பனி முன்பு போலவே பொருள் வாங்கும், முன்பு போலவே ஆள் எடுக்கும். "செய்யவில்லை" என்று சொல்ல யாரும் இல்லை.

இரண்டாவது வழி, நல்லிணக்கச் செயற்திட்டம் எழுதித்தரும் ஆலோசனை நிறுவனம். இதில் இரண்டு வகை. கணக்காய்வு, வரி, முகாமைத்துவ ஆலோசனை எல்லாம் செய்யும் பெரிய நிறுவனங்களில் பூர்வகுடிச் சேவைப் பிரிவு ஒன்று இருக்கும். பல மாகாணங்களில் கிளை உள்ள கம்பனி, முதற்குடிகளோடு (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) பங்குடைமை ஒப்பந்தம் எழுதப்போகும் எரிசக்திக் கம்பனி, இவர்களுக்கு அந்த நிபுணத்துவம் வேண்டியிருக்கலாம். எங்களைப் போன்ற இடத்துக்கு வேண்டாம். நான் கேட்டபோது வந்த மாதிரித் திட்டத்தில் எங்கள் தொழிலின் பெயரை எடுத்துவிட்டுப் பல்மருத்துவமனை என்று போட்டாலும் பொருந்தியிருக்கும்.

மற்ற வகை, பூர்வகுடி மக்களே சொந்தமாக நடத்தும் ஆலோசனை நிறுவனங்கள். இரண்டு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய இடங்கள்தான் பல. நான் இதையே விரும்பினேன். கட்டணம் யாருடைய கைக்குப் போகிறது என்பதும் 92ஆவது அழைப்பின் ஒரு பகுதிதானே. அதோடு, சங்கடமான கேள்வியை அவர்கள் ஒளிக்காமல் கேட்பார்கள். எங்களிடம் வந்தவர் முதல் சந்திப்பில் திட்டம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடந்த வருடம் யாரிடமெல்லாம் பொருள் வாங்கினீர்கள் என்று பட்டியல் கேட்டார். சரளை மண், பாதுகாப்புத் தொப்பி, வேலித் தகடு, கழிப்பறை வாடகை, மதிய உணவு. ஒவ்வொன்றாக விரலை வைத்து, "இதை மாற்றலாமா?" என்றார். பிறகு ஆள் எடுக்கும் முறையைக் கேட்டார். நாங்கள் ஆள் எடுப்பது தெரிந்தவர் சொல்லித்தான். கோயிலில் கண்டவர், ஊரவர், மச்சானின் சிநேகிதர். "அப்படியென்றால் உங்கள் வாசல் வெளியே நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார் அவர். அதைக் கேட்ட பிறகு எனக்கு மறுபேச்சு வரவில்லை.

உண்மையாகவே பூர்வகுடி நிறுவனமா என்று எப்படி அறிவது? கனடியப் பூர்வகுடி வணிக மன்றம் குறைந்தது 51 வீத உரிமையும் கட்டுப்பாடும் பூர்வகுடிகளிடம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. மத்திய அரசு தன் கொள்வனவில் குறைந்தது 5 வீதத்தைப் பூர்வகுடி நிறுவனங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று 2021இல் அறிவித்து, அதற்காக ஒரு பெயர்ப்பட்டியலும் வைத்திருக்கிறது. பணம் வரும் இடத்தில் வேடமும் வரும். 2024 கார்த்திகையில், தான் பங்காளியாக இருந்த கம்பனி தன்னைப் பூர்வகுடிக் கம்பனி என்று காட்டி அரசு ஒப்பந்தங்களுக்குப் போட்டியிட்ட விவகாரத்தில் மத்திய அமைச்சர் ஒருவர் அமைச்சரவையை விட்டுப் போகவேண்டி வந்தது. ஆகவே சான்றிதழோடு நில்லாமல் நேரே கேளுங்கள்: நீங்கள் எந்த நேஷன் (எந்தக் குடி), அங்கே உங்களை அறிந்தவர்கள் யார்? எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமான விசாரிப்பு. அவர்களுக்கும் அப்படித்தான், தங்களை அறிமுகம் செய்யும்போதே குடியையும் ஊரையும் சொல்லித் தொடங்குவார்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் அவசரப்பட்டு ஒப்பந்தம் செய்யாதீர்கள். அதேநேரம் ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதும் கூடாது. அறுபதுகளில் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு ஊரோடு தொடர்பு அறுந்துபோன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களின் கதை ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடியதல்ல.

இப்படி ஒருவர் கூட இருந்தால் சிறிய காரியங்களிலும் மரியாதை தப்பாது. அனிஷினாபே மூதாளர் ஒருவரிடம் உதவி கேட்கப் போனால் புகையிலை கொண்டுபோகவேண்டும். சிறு துணியில் முடிந்து, கேட்க வந்த காரியத்தைச் சொல்லிக் கையில் கொடுப்பது. அவர் வாங்கிக்கொண்டால் சம்மதம். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் எங்கள் வழக்கத்தைச் சொன்னதும் ஆலோசகர் சிரித்து, "அப்போ உங்களுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை" என்றார். ஆனால் வடக்கே வாழும் இனுவிட் மக்களிடம் இந்த வழக்கம் இல்லை, எல்லாரையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்றும் சொன்னார். இன்னொன்று: மூதாளருக்கான சன்மானத்தை அன்றைக்கே கையில் கொடுக்கவேண்டும். விற்பனையாளர் படிவம் நிரப்பச் சொல்லி, அறுபது நாள் காத்திருக்க வைப்பது அவமதிப்பு. எங்கள் கணக்குப் பிரிவோடு நான் சண்டை பிடித்தது இதற்காகத்தான்.

திட்டம் எழுதி முடித்தாலே பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அவுஸ்திரேலியாவின் கதை தெரியவேண்டும். அங்கே 2006 முதல் ரிகன்சிலியேஷன் அவுஸ்திரேலியா என்ற அமைப்பு நிறுவனங்களின் நல்லிணக்கச் செயற்திட்டங்களை நான்கு படிகளில் ஏற்று அங்கீகரிக்கிறது. ஆக மேல் படியில் இருந்த நிறுவனங்களில் ரியோ டின்ரோவும் ஒன்று. 2020 மே மாதம் அந்தச் சுரங்க நிறுவனம் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயம் உள்ள பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்துக்கு உரித்தான புட்டு குண்டி குராமா, பினிகூரா மக்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதமே அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அச்சிட்ட திட்டமும் ஆலோசகர்களும் அவர்களிடம் இருந்தார்கள். வெடிவைக்கும் தீர்மானம் எடுக்கும் மேசைக்கு அந்தத் திட்டம் போகவேயில்லை. ஆனால் அங்கே அங்கீகாரத்தைப் பறிக்க ஓர் அமைப்பாவது இருந்தது. கனடாவில் திட்டங்களை அப்படி ஏற்று மறுக்கும் ஒரே பொது அமைப்பு கிடையாது. யாரும் எதையும் எழுதி இணையத்தளத்தில் போடலாம்.

கனடாவில் அதற்கு ஓரளவு கிட்ட வருவது மூன்றாவது வழி: மேலே சொன்ன வணிக மன்றம் 2001இல் பி.ஏ.ஆர். என்ற பெயரில் தொடங்கி நடத்திவரும் பங்காண்மைச் சான்று. தலைமை, வேலைவாய்ப்பு, வணிக மேம்பாடு, சமூக உறவு என்ற நான்கு பக்கங்களிலும் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறார்கள். வெளியாட்கள் வந்து சரிபார்ப்பார்கள், பூர்வகுடி வணிகர்கள் அடங்கிய நடுவர் குழு முடிவு சொல்லும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் நிரூபிக்கவேண்டும். "நீங்கள் செய்யவில்லை" என்று சொல்லும் உரிமை வெளியே, அதுவும் உரியவர்களிடம் இருக்கிறது என்பதால் என் அளவுகோலில் இது நன்றாகவே நிற்கிறது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும், பெரிய அரச அல்லது வங்கி ஒப்பந்தங்களை எதிர்பார்க்கும் நிறுவனம் இதை யோசிக்கத்தான் வேண்டும். 45 பேர் உள்ள எங்களுக்கு, ஆவணம் திரட்டவே ஒருவரை முழுநேரம் இருத்தவேண்டி வரும் போலிருந்தது. அந்தச் சம்பளத்தை இப்போதைக்கு ஒரு பயிலுநருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

பூர்வகுடி ஊழியர் ஒருவரை எடுத்து அவரிடமே எல்லாப் பொறுப்பையும் கொடுப்பது நான்காவது வழி. தனியாளாக ஒருவரை வைத்து இதைச் செய்யாதீர்கள். தன் வேலையையும் பார்த்து, எல்லாருக்கும் வரலாற்று ஆசிரியராகவும் இருந்து, கூட்டம் தொடங்கும்போது இது யாருடைய நிலம் என்று சொல்லும் நில அங்கீகார வாசகமும் வாசித்து, அந்த மனிசர் களைத்துப்போவார்.

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்: நேரே நிலத்துக்குரியவர்களிடம் போவது.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆலோசகரிடம் காசு கொடுத்து வாங்குவதும் ஆலோசனை, நிலத்துக்குரியவர்களோடு கலந்து பேசுவதும் ஆலோசனை. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது. எவ்வளவு நல்ல ஆலோசகராக இருந்தாலும், அவரே பூர்வகுடியாக இருந்தாலும், இன்னொரு நேஷனுக்காகச் சம்மதம் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சட்டமும் கிட்டத்தட்ட இந்தத் திசையில்தான் இருக்கிறது. 2004இல் ஹைடா நேஷன் வழக்கில், பூர்வகுடிகளோடு கலந்தாலோசிக்கும் கடமை அரசுடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் நடைமுறை வேலைகளைக் கம்பனியிடம் ஒப்படைக்கலாம், கடமை அரசை விட்டுப் போகாது.

எங்கள் வேலை நடக்கும் நிலம் யாருடையது? ரொறன்ரோ கொள்வனவு என்று சொல்லும் 13ஆவது உடன்படிக்கை 1787இல் தொடங்கி 1805இல் உறுதியாக்கப்பட்டது. 250,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்கு 1805இல் பிரித்தானிய அரசு கொடுத்த விலை பத்து ஷில்லிங். கிரெடிட் ஆற்று மிசிசாகா மக்கள் அதற்கு நியாயம் கேட்டுக் கேட்டு, 2010இல் 145 மில்லியன் டொலருக்குத் தீர்வு கண்டார்கள். ஸ்காபரோவுக்குக் கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம் போனால் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் வந்துவிடும். அதில் ஏழு முதற்குடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகளும் பறிபோயின. 2018இல்தான் 1.11 பில்லியன் டொலரும் அரசுகளின் மன்னிப்பும் கிடைத்தன. மார்க்கம் வீதியில் இறைச்சிக்கறி வாங்கிக்கொண்டு ரூஜ் பூங்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது, 22 வருடம்.

பெலமியும் லோரன்ஸும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் டேபர் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. சுற்றிவர வீடுகள், மேட்டில் புல், மேலே ஒரு கல். 1956இல் மண் எடுப்பதற்காக அந்த மேட்டை இயந்திரத்தால் வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. இரோக்குவா மொழி பேசிய மக்கள், நூற்றாண்டுகளுக்கு முன் தங்கள் இறந்தவர்களைச் சேர்த்து ஒன்றாக அடக்கம் செய்த இடம் அது. நூற்றுக்கணக்கானோர். எங்கள் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஓட்டும் பெடியனைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். அவன் கல்லில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, "அக்கா, அந்த மெஷினில இருந்தவன் அண்டைக்கு என்ன செய்திருப்பான்?" என்று கேட்டான்.

எங்களைப் போன்ற உப ஒப்பந்தக்காரரிடம் தொல்லியல் ஆய்வு வேலை வராது. நிலச் சொந்தக்காரரோ திட்டத்தின் உரிமையாளரோ முன்பே செய்வார்கள். ஹேகர்ஸ்விலுக்குப் பக்கத்தில் இருக்கும் மிசிசாகாஸ் ஒஃப் த கிரெடிட் நேஷனுக்கு இதற்கென்றே ஒரு கலந்தாலோசனைத் திணைக்களம் உண்டு, அகழாய்வு நடக்கும் இடத்துக்கு அவர்களின் களப் பிரதிநிதிகளும் வருவார்கள். ஆனால் ஆய்வு முடிந்த நிலத்திலும் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதை முதலில் காண்பது பெக்கோவில் இருப்பவர்தான். மனித எலும்பு கண்டால் வேலையை அப்படியே நிறுத்திப் பொலிசுக்கோ மரண விசாரணை அதிகாரிக்கோ அறிவிக்கவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். மட்பாண்ட ஓடு, தீட்டிய கல், கரி படிந்த மண் இவற்றுக்கு என்ன செய்வது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இப்போது ஒரு பக்கத் தாள் தமிழில் எழுதி எல்லா வாகனத்திலும் வைத்திருக்கிறோம். அதை எழுதும் யோசனை ஆலோசகருடையது, படம் போட்டது அந்தப் பெடியன்.

அதேநேரம், நேரே போவது என்றால் நினைத்தவுடன் நேஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எங்களுக்கு வகுப்பு எடுங்கள் என்று கேட்பது இல்லை. சிறிய அலுவலகங்கள், தினமும் நெடுஞ்சாலையும் குழாயும் மின்கம்பியும் பற்றிய கடிதங்கள் வந்து குவியும் இடங்கள். உங்கள் வேலை அவர்களின் நிலத்தைத் தொடுகிறது என்றால் போங்கள், அவர்கள் கேட்கும் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வரலாறு படிக்கத்தான் என்றால் கற்கையும் பயிற்றுநரும் இருக்கிறார்கள். ஆள் எடுக்க என்றால் ரொறன்ரோவில் மிசிவே பீக் என்ற பூர்வகுடி வேலைவாய்ப்பு, பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெற்றிடத்தை அறிவிக்க ஆலோசகர் தேவையில்லை. நாங்கள் இரண்டு இடங்களை அறிவித்தோம், ஒருவர் சேர்ந்திருக்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு, எங்கள் அளவில் உள்ள தொழிலுக்கு: இலவசக் கற்கையைச் சம்பள நேரத்தில் முதலில் செய்யுங்கள். பிறகு பூர்வகுடி ஆலோசகர் ஒருவரை, நூறு பக்கத் திட்டம் எழுத இல்லாமல், கொள்வனவையும் ஆட்சேர்ப்பையும் பார்த்துச் சொல்ல மட்டும் அமர்த்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர் திரும்பி வந்து, செய்தீர்களா என்று பார்த்து, எழுத்தில் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். அந்தக் கடிதத்தை எல்லா ஊழியரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுவோம் என்று நாங்கள் போட்டிருக்கிறோம். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்து வைத்தார்.

புதிதாக வந்தவர்களுக்கு உதவும் சமூக அமைப்பு என்றால் என் கணக்கு மாறும். ஆணைக்குழுவின் 93ஆவதும் 94ஆவதும் புதுக் குடிவரவாளர் பற்றிய அழைப்புகள். 94இன்படி குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் 2021 ஆனியில் மாறி, அதில் முதற்குடிகள், இனுவிட், மேற்றி என்ற மூன்று பூர்வகுடிப் பிரிவினரின் உரிமைகளும் உடன்படிக்கை உரிமைகளும் சேர்ந்தன. அந்த வசனத்தை உச்சரித்துக் கையை உயர்த்தும் எங்கள் ஆட்களுக்கு அதன் பொருளைத் தமிழில் சொல்வது உங்கள் வேலை. ஆலோசகருக்கு வைத்த பணத்தை ஒரு மூதாளரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஒன்றாக இருத்துவதற்குச் செலவழியுங்கள். கணக்காளர், சட்டத்தரணி அலுவலகங்களுக்குக் கற்கையும் கொள்வனவு மாற்றமும் போதும். பராமரிப்பு நிலையம் நடத்துகிறவர்கள் பயிற்சியில்தான் கூடச் செலவழிக்கவேண்டும். வதிவிடப் பள்ளியில் வளர்ந்த ஒருவர் முதுமையில் திரும்பவும் ஒரு நிறுவனத்தின் கட்டிலுக்கு வருவது என்றால் என்னவென்று இரவு வேலை பார்க்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

எந்த வழி என்றாலும் செப்டெம்பரில் கூப்பிடாதீர்கள். செப்டெம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள் என்பதால் அந்த மாதம் முழுக்க எல்லா நிறுவனமும் ஒரே ஆட்களைத்தான் தேடுகிறது. நான் தொலைபேசியில் பிடித்தவர்கள் களைத்துப்போன குரலில், அன்றைக்கு எங்கள் குடும்பத்தோடு இருக்கவேண்டும் என்றார்கள். அவர்களின் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் போய்வந்த பள்ளிகளை நினைக்கும் நாள் அது. தை மாதத்தில் கூப்பிடுங்கள். எங்கள் ஆலோசகர் கிடைத்தது மாசியில், நிலம் உறைந்து வேலை குறைவாக இருக்கும்போது. 45 பேரையும் ஒன்றாக ஓர் அறையில் இருத்த எங்களுக்கும் அப்போதுதான் நேரம் இருந்தது.